சாக்குப்பையில் பாட்டில் கொண்டுவரும் தம்பிகளுக்கு

குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் பக்கம் பழைய பங்களாச் சரிவுகளிலும் தோட்டத்துக் குப்பைக் குழிகளிலும் கண்ணாடி பாட்டில் தோண்டும் நண்பர்களுக்கும், அவற்றை வாங்கி விற்கும் என் சக வியாபாரிகளுக்கும்,

வணக்கம்.

குன்னூரில் இருபத்தெட்டு வருஷம் பழைய சாமான் கடை வைத்திருந்தவன் நான். இரும்பு, பித்தளை, ஈயம், பேப்பர் எல்லாம் எடுத்தேன். பாட்டில் முதலில் எடைக்குத்தான். அப்புறம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து, மூலையில் தூசி படிந்து கிடந்ததைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குத்தான் விழித்துக்கொண்டேன். முழங்கால் ஒத்துழைக்காமல் கடையை மூடி நாலு வருஷம் ஆகிறது. இன்னமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒரு தம்பி சாக்குப்பையோடு வாசலில் நிற்கிறார். "அண்ணா, இது எத்தனை வருஷம் இருக்கும்? என்ன விலை போகும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் சாக்கோடு வந்தவர்களில் ஒருவர்கூட எது எந்தக் குழியில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தானாகச் சொன்னதில்லை. நானும் கடை நடத்திய காலத்தில் பாதிக்கு மேல் அதைக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதால் என்ன போனது என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு ஜூலை மாதம், நல்ல சாரல். வெலிங்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி முப்பத்தொரு பாட்டில் கொண்டுவந்தார். எல்லாம் செம்மண்ணும் வேருமாக இருந்தன. மொத்தமாகப் பேசி வாங்கினேன். பின்கட்டில் பெரிய அன்னக்கூடையில் சோப்புத்தூள் கரைத்து, அத்தனையையும் உள்ளே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் மேல் ஒரு காகிதத் துண்டு மிதக்கிறது. தட்டையான ஒரு மருந்து பாட்டிலின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதம். ஒரு பக்கம் படிப்படியாக வெட்டியிருந்தது. இரண்டு மூன்று மை எழுத்துகள் தெரிந்தன. விரலால் எடுத்தேன், ஊறிய அப்பளம் மாதிரி கையிலேயே கரைந்துவிட்டது.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் காகிதம் ஞாபகம் இருக்கும். தர்மாஸ்பத்திரிக்குப் போனால் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் ரோஸ் நிறத்தில் ஒரு மிக்சரை ஊற்றி, ஓரத்தில் படி மாதிரி வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார். ஒரு படி ஒரு வேளை. மண்ணுக்குள் காகிதம் தங்குவதே அபூர்வம். அந்தக் குழியில் எப்படியோ தங்கியிருக்கிறது. யாருக்கு என்ன மருந்து என்று எழுதியிருந்ததோ, நான் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன்.

பாட்டில்களைப் பச்சை, பழுப்பு, வெள்ளை, நீலம் என்று நிறவாரியாக அடுக்கினேன். இரண்டு மாதத்தில் உடைந்த ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டது, நல்ல லாபம். ஐந்தாறு வருஷம் கழித்து, பட்டாளத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் என்ன தின்றார்கள், என்ன குடித்தார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார். முப்பத்தொரு பாட்டில் கதையைப் பெருமையாகவே சொன்னேன். "எல்லாம் ஒரே குழியிலிருந்தா சார்?" தெரியாதும்மா. "மேலே கிடந்தது எது, அடியில் கிடந்தது எது?" தெரியாது. "கூட எலும்பு, பீங்கான், தகர டப்பா ஏதாவது?" அதையெல்லாம் அந்தத் தம்பி அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பார். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வாங்கி வைத்திருந்த டீயை மரியாதைக்குக் குடித்துவிட்டுப் போனார். நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, நீங்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். முதலில் வயது.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் எழுத்தைத் தேடாதீர்கள். பக்கவாட்டில் நகத்தால் தடவிப் பாருங்கள். இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய மேடு தட்டும். கடையில் நாங்கள் அதைத் தையல் என்போம். அந்தத் தையல் கழுத்துக்குள் எங்காவது நின்றுவிட்டால், உடம்பை அச்சுக்குள் ஊதிவிட்டு, வாயை ஓர் ஆள் கையால் செய்து முடித்திருக்கிறார். வாய் விளிம்பு வரைக்கும் ஏறிப் போனால் பெரும்பாலும் மெஷின் வேலை. இங்கிலாந்தில் ஆஷ்லி என்பவர் 1880களில் பாதி மெஷின் ஒன்றை உருவாக்கினார். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸின் முழுத் தானியங்கி மெஷின் 1903 வாக்கில் வந்தது. உலகம் முழுக்கப் பரவ இன்னும் சில வருஷம் பிடித்தது. விளிம்பு வரை தையல் ஏறிய பீர் பாட்டிலைக் காட்டி, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சரக்கு என்று ஒரு சக வியாபாரி விற்றதை நானே பார்த்திருக்கிறேன். கம்பெனியின் ஆட்சி 1858இலேயே முடிந்துவிட்டது ஐயா.

தையலே இல்லாவிட்டால் ரொம்பப் பழசு என்றும் குதிக்க வேண்டாம். ஒயின் பாட்டில்களை அச்சுக்குள் வைத்தே சுழற்றுவார்கள், தையல் அழிந்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உடம்பைச் சுற்றிக் கிடைமட்டமாக மெல்லிய வரிகள் ஓடும், குயவன் சக்கரத்தில் வனைந்த பானை மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் அதற்குக் கொஞ்சம் பின்னாலும் இப்படி நிறைய வந்தன.

அடுத்து அடிப்பாகம். நடுவில் விரலைக் கீறுகிற மாதிரி கரடுமுரடான வட்டத் தழும்பு இருந்தால், கொஞ்சம் நின்று கவனியுங்கள். வாயைச் செய்து முடிக்கும்வரை அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்திருந்து, வேலை முடிந்ததும் தட்டி உடைத்த இடம் அது. 1860களுக்குப் பிறகு சாதாரண பாட்டில்களில் இது அருகிவிட்டது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நம் மலையில் ஏறியதே 1819இல். அதனால் இங்கே தழும்பு போட்ட பாட்டில் எப்போதாவது ஒன்றுதான் கண்ணில் படும். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் என்றால் வேறு கதை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை இருந்தார்கள், மற்ற இரண்டும் டச்சுக்காரர் கோட்டை. சதுரமாக, தோள் அகன்று அடி குறுகிய கரும்பச்சை ஜின் பாட்டில் அந்தக் காலத்துச் சரக்கு. மரப்பெட்டிக்குள் தடுப்புத் தடுப்பாக நெருக்கி அடுக்கிக் கப்பலில் ஏற்றத் தோதாகத்தான் அந்தச் சதுரம்.

எழுத்து கடைசியில். 'ஆர்.டி. நம்பர்' (Rd No) என்று பொறித்திருந்தால் பிரிட்டனில் வடிவத்தைப் பதிவு செய்த எண். அந்த எண் வரிசை 1884இல் ஆரம்பித்தது. அதற்கு முன் 1842 முதல் டைமண்ட் மாதிரி ஒரு முத்திரை போட்டார்கள். தகர மூடி மாட்டுகிற மாதிரி விளிம்பு இருந்தால் 1892க்குப் பிந்தியது, வில்லியம் பெயின்டர் அந்த மூடிக்குக் காப்புரிமை வாங்கிய வருஷம் அது.

இதையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். கற்றுக்கொண்ட உடனே நிபுணர் ஆகிவிட்டோம் என்று நினைப்பு வரும், எனக்கும் வந்தது. பாட்டில் எப்போது பிறந்தது என்பதைத்தான் தையலும் தழும்பும் சொல்லும். எப்போது மண்ணுக்குள் போனது என்று அவற்றுக்குத் தெரியாது.

நம் ஊரில் நல்ல பாட்டிலை ஒரே தடவையில் தூக்கி எறிந்தவர் யார்? துரை காலி செய்த பாட்டில் பட்லருக்குப் போகும். பட்லர் பாட்டில்காரனுக்கு விற்பார். அது சந்தைக்கு வந்து வேப்பெண்ணெய்க்கும், தேனுக்கும், மண்ணெண்ணெய்க்கும், இந்த மலையில் முக்கியமாக நீலகிரித் தைலத்துக்கும் ஆகும். தக்கை தொலைந்தால் துணியைச் சுருட்டி அடைப்பார்கள். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் இருந்தது ஒரு சாஸ் பாட்டிலில். மேலிருந்து கீழாக 'லீ அண்டு பெரின்ஸ்' என்று எழுத்து எழும்பி நிற்கும். அம்மாவுக்கு அது 'எழுத்துப் போட்ட பாட்டில்', அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் அந்த சாஸை நாக்கில் வைத்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அது உடைந்து, கொல்லையில் புதைத்தோம். நாளைக்கு ஒருவர் அந்த இடத்தைத் தோண்டினால் என்ன சொல்வார்? இங்கே ஒரு வெள்ளைக்காரன் குடியிருந்தான் என்பார்.

சிரிக்காதீர்கள், இதே தப்பை நான் செய்திருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டுப் பின்னால் கிடைத்தது என்று ஒரு சின்ன பாட்டில் வந்தது. கொழும்பு மருந்துக் கடை ஒன்றின் பெயர் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. கழுத்தோடு தையல் நின்றிருந்தது, கண்ணாடிக்குள் குமிழி, எல்லாம் பொருத்தம். 'நீலகிரித் துரை ஒருவர் கொழும்பிலிருந்து மருந்து வரவழைத்திருக்கிறார்' என்று ஒரு கதையைக் கட்டி, கதைக்கும் சேர்த்து விலை போட்டு விற்றேன். அது போய்ச் சில மாதம் கழித்து, கடைக்குப் பழைய பேப்பர் போடும் ஓர் அக்காவிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேப்பர் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "எந்த லைன்?" என்று கேட்டார். சொன்னேன். "அது எங்க மாமியாருதா இருக்கும். காயத் தைலம் வச்சிருந்துச்சு. கப்பல்ல வரும்போது மடியிலேயே கட்டிக்கிட்டு வந்துச்சு. மண்டபம் கேம்புல ஒரு மாசம் கெடந்தோம், அப்பவும் அத விடல."

1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஏராளமானவை தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலைக்குத் தேயிலை வேலைக்கு வந்தன. அப்படி வந்த பாட்டில் அது. கண்ணாடிக்கு வயது நூறோ அதற்கு மேலோ, ஆனால் அது நீலகிரி மண்ணுக்குள் போனது 1970களுக்குப் பிறகு. அந்த லைன், அந்தக் குழி, பக்கத்தில் கிடந்த மற்ற சாமான் எல்லாம் குறித்து வைத்திருந்தால் பாட்டிலே அதைச் சொல்லியிருக்கும். என் கதையில் ஒரு குடும்பம் கடல் தாண்டி வந்ததே காணாமல் போய், ஒரு துரை முளைத்துவிட்டார். வாங்கினவரைத் தேடிப் பார்த்தேன், நம்பர் மாறிவிட்டது.

இதில் தொல்லியல்காரர்கள் நமக்கு ரொம்ப முன்னாலேயே ஒரு பாடம் காட்டியிருக்கிறார்கள், அதுவும் பக்கத்திலேயே, புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில். அங்கே கிடைத்த மணிகளையும், மனிதத் தலை உருவம் செதுக்கிய ஒரு கல்லையும் வைத்து, ரோமானியத் தொடர்பு இருக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயில் 1930களிலேயே சொன்னார். கல் அழகானதுதான். ஆனால் ஊரின் காலத்தைப் பிடித்துக் கொடுத்தது அழகான எதுவும் இல்லை. 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அடுக்கு அடுக்காகத் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் உடைந்த சில்லுகள் கிடைத்தன. அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆக, அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ச் சட்டிப் பானைக்கும் காலம் தெரிந்துவிட்டது. அந்தச் சட்டி வேறு ஊர்களில் கிடைத்தபோது அந்த ஊர்களுக்கும் தெரிந்தது.

உங்கள் குழியில் ஆர்.டி. நம்பர் போட்ட ஓர் உடைந்த பாட்டில் அடிதான் அந்த இத்தாலியச் சில்லு. பக்கத்தில் கிடக்கும் எழுத்தில்லாத சட்டிக்கும், வளையல் துண்டுக்கும், குழந்தை விளையாடிய பீங்கான் பொம்மைக் கைக்கும் அதுதான் வருஷம் சொல்ல முடியும். உடைந்தது என்று நீங்கள் அங்கேயே வீசிவிட்டு வருவது அதைத்தான்.

இனி விலை. வயது கூடக் கூட விலை கூடும் என்று நினைக்காதீர்கள். எழுத்தில்லாத வெள்ளை மருந்து பாட்டில் 1880இல் செய்ததாகவே இருந்தாலும் என் கடையில் இருபது, முப்பது ரூபாய்க்கு மேல் போனதில்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் கிடக்கிறது. வாங்குகிறவர் பார்ப்பது நிறம், பொறிப்பில் இருக்கும் ஊர், வாயில் சில்லு போயிருக்கிறதா என்பது. நீல விஷ பாட்டில் நன்றாகப் போகும். ஆறு பட்டையாக, மேலெல்லாம் வரிவரியாக, 'நாட் டு பி டேக்கன்', அதாவது உட்கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கும். ராத்திரியில் விளக்கில்லாமல் தடவினாலும் கைக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த வரி. அடி முட்டை மாதிரி கூம்பியிருக்கும், நிற்கவே நிற்காத சோடா பாட்டிலும் நன்றாகப் போகும். அதைப் படுக்க வைத்தால் தக்கை நனைந்தே இருக்கும், காய்ந்து சுருங்காது, காஸ் போகாது. நிற்காத பாட்டிலுக்கு எதற்கு இவ்வளவு விலை என்று என் மனைவி கேட்பாள், நியாயமான கேள்விதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கோலி சோடா பாட்டில். இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய சாமான் அது. அங்கே அது மியூசியத்துக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது, நம் ஊரில் இன்னும் பெட்டிக்கடையில் 'டப்' என்று திறக்கிறார்கள். அந்தக் கழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உள்ளே ஒரு பள்ளம், அதில் ரப்பர் வளையம். தலைகீழாக வைத்துக் காஸ் ஏற்றும்போது கோலி வாய்க்கு வந்து வளையத்தில் உட்காரும், நிமிர்த்தினாலும் உள்ளிருக்கும் காஸே அதை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். குடிக்கும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு கிள்ளல். கிள்ளல் இருக்கும் பக்கம் கீழே வருகிற மாதிரி சாய்த்தால் கோலி அதில் மாட்டிக்கொள்ளும். கோலி வாயைவிடப் பெரியது, அப்புறம் எப்படி உள்ளே போனது? கண்ணாடி சூடாக இருக்கும்போதே கோலியைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் வாயை முடிக்கிறார்கள். எடுக்க வேண்டுமானால் உடைப்பதைத் தவிர வழியில்லை. உலகத்தில் எந்த ஊர்ப் பையன் உடைக்காமல் விட்டான்? முழு பாட்டில் குறைவாக மிஞ்சியதற்கு அந்தக் கோலிக்குண்டு ஆட்டமும் ஒரு காரணம்.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் டான் ரைலண்ட்ஸ் போன்றவர்கள் இந்த பாட்டில்களை ஏகமாகச் செய்தார்கள். இந்திய ஊர்களின் சோடாக் கம்பெனிப் பெயர் பொறித்து, கப்பலில் வந்திறங்கியவையும் உண்டு. முன்பக்கம் நம் ஊர்ப் பெயர், அடியிலோ பின்னாலோ இங்கிலாந்துக்காரர் பெயர் என்றால் விலை ஏறும். ஆனால் கவனம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி வெளிநாட்டு பானங்களைப் புறக்கணிக்கும் பேச்சு எழுந்தபோது, கோலி சோடாவுக்கு மறுபடி மவுசு வந்தது. வடக்கே செய்த புது பாட்டில்கள் நிறைய இறங்கின. அவற்றில் சிலவற்றை எருக்குழியில் ஒரு மழைக்காலம் புதைத்தெடுத்து, 'துரை காலம்' என்று விற்கிறார்கள். அடியைத் திருப்பிப் பாருங்கள். நூறு வருஷம் கல்லிலும் மரத்திலும் நின்ற பாட்டிலின் அடி வளையத்தில் கீறல்கள் நாலா பக்கமும் கோணல்மாணலாக, சில ஆழமாக, சில மேலோட்டமாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல் எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் ஓடும்.

ஊதா நிறத்துக்கும் இதே எச்சரிக்கை. கண்ணாடியின் பச்சையைப் போக்க அந்தக் காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் செய்த வெள்ளை பாட்டில் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா ஏறும், ஓமத் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்ட மாதிரி. மண்ணுக்குள் இருக்கும்வரை ஏறாது. கத்தரிக்காய் நிறத்தில் அடர்த்தியாக இருந்தால் கதிரியக்கத்தில் வைத்து ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

அப்புறம் இந்தக் கழுவுகிற பைத்தியம். ஈர மண்ணில் பல காலம் கிடந்த கண்ணாடியிலிருந்து உப்புச் சத்து கசிந்து போய், மேலே ஏடு ஏடாக வானவில் நிறம் படியும். மயில் கழுத்து மாதிரி மின்னும். அது அழுக்கு கிடையாது, கண்ணாடியேதான். நான் ஆசிட் போட்டு எடுத்திருக்கிறேன். இப்போது பெரிய ஊர்களில் செம்புத் துணுக்கும் பாலீஷ் பொடியும் போட்டு மெஷினில் உருட்டிப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறார்கள். எழுத்தின் முனை மழுங்கிவிடும். விவரம் தெரிந்தவர் அதைத் தொட்டதுமே விலையைக் குறைத்துவிடுவார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அண்ணன் சொல்லவில்லையே என்று வரக்கூடாது. 1878இல் போட்ட இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்த, மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய். 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் நூறு வயதான, வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருள்களைப் பற்றியது. அவற்றை விற்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வெறும் பாட்டில்தானே என்று நாமாக முடிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம் இல்லை. பாதுகாக்கப்பட்ட கோட்டை, கல்லறை, காட்டு நிலம் இவற்றில் கடப்பாரை வைக்கவே வைக்காதீர்கள். தோட்டத்து நிலம் என்றால் வாய்ப்பேச்சு போதாது, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

மழைக்காலத்தில் சரிவின் அடியைக் குடையாதீர்கள். 2009 நவம்பரில் இந்த மலை எப்படி இறங்கியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தக்கையோடு, உள்ளே ஏதோ குலுங்குகிற பாட்டில் கிடைத்தால் திறந்து முகர்ந்து பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நீல பாட்டிலில் என்ன இருந்தது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

தோண்டாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் தோண்டியதை விற்றுத்தான் என் பெண்ணைப் படிக்க வைத்தேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். தோட்டக்காரர் அனுமதி தந்த இடத்தில், வீடு கட்ட அஸ்திவாரம் பறிக்கிற இடத்தில், ரோடு போட மண் வெட்டுகிற இடத்தில் ஒரு பாட்டில் தலை காட்டினால், பிடுங்குவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்து எடுங்கள், அளவு தெரியும். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் இடம், தேதி, எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு பாட்டில் கழுத்தில் நூலால் கட்டுங்கள். ஒரே குழியில் கிடைத்ததை ஒரே சாக்கில் போடுங்கள், உடைந்ததையும் சேர்த்து. காகிதம் ஒட்டியிருந்தால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மொத்தமாகத் தாழி, காசு, எலும்பு என்று வர ஆரம்பித்தால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தாசில்தார் ஆபீசுக்குப் போன் போடுங்கள்.

வியாபாரி நண்பர்களே, சீட்டு கட்டிய பாட்டிலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குங்கள். சும்மா கொடுக்கச் சொல்லவில்லை. கடையின் கடைசி மூன்று வருஷம் நான் சீட்டு கேட்டுத்தான் வாங்கினேன், பத்து ரூபாய் கூடக் கொடுத்தேன். இடம் தெரிந்த பாட்டிலை வாங்குகிறவர் பேரம் பேசுவதே குறைவு, அவருக்கும் அலமாரியில் வைத்து நாலு பேரிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கிறது. அது நாம் கட்டிய கதையாக இல்லாமல் நடந்ததாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இடம் தெரியாவிட்டால் 'இடம் தெரியாது' என்று எழுதுங்கள். 'இருநூறு வருஷம்' என்று எழுதாதீர்கள்.

என் வீட்டு ஜன்னலில் ஒரு கோலி சோடா பாட்டில் பாதி இருக்கிறது. அதை மட்டும் நான் விற்கவில்லை, யாரும் வாங்கவும் மாட்டார்கள். மேல் பாதி உடைந்து கோலி போய்விட்டது. உடம்பில் கம்பெனிப் பெயரின் முன்பகுதி இல்லை. '… அண்டு கோ, ஊட்டகமண்ட்' என்பது மட்டும் நிற்கிறது. இது வந்ததும் அந்த முப்பத்தொன்றில் ஒன்றாகத்தான். எந்தக் குழி என்று தெரியாததால், ஊட்டி சோடா வெலிங்டன் வரைக்கும் இறங்கியதா, வேறு எங்கோ கிடந்ததை அந்தத் தம்பி வழியில் பொறுக்கிப் போட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களில் யாருக்காவது இதே எழுத்தோடு முழு பாட்டிலோ, பெயரின் முன்பாதி இருக்கும் ஒரு சில்லோ கிடைத்தால் பிடுங்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பழைய கடைக்குப் பின்சந்தில் மூன்றாவது வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பேன், டீ என் செலவு.

இப்படிக்கு,
கடையை மூடிவிட்ட ஒரு பழைய சாமான் வியாபாரி,
குன்னூர்